ரூப்குண்ட் எலும்புகள்: விடை கிடைத்த பிறகு பெரிதான புதிர்

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்குச் சற்று மேலே, திரிசூல் மலையின் அடிச்சரிவில் ஒரு நீர்நிலை இருக்கிறது. ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பெரிய கோயில்களின் தெப்பக்குளம் அளவுகூட வராது. குறுக்களவு சுமார் 40 மீட்டர். வருடத்தின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் பனி உருகும் சில வாரங்களில் கரையிலும் தண்ணீருக்கு அடியிலும் மண்டை ஓடுகளும் தொடை எலும்புகளும் வெளியே தெரியும். குளிரில் சிலவற்றில் முடியும் தசையும்கூட ஒட்டியபடி இருந்திருக்கின்றன. எத்தனை பேருடைய எலும்புகள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. 300 என்பார்கள், 800 என்பார்கள்.

இதுதான் ரூப்குண்ட். 'உலகின் அமானுஷ்ய இடங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் பெர்முடா முக்கோணத்துக்கும் பான்கர் கோட்டைக்கும் பக்கத்தில் இதுவும் வந்துவிடும். அந்தப் பட்டியல்களில் உள்ள பெரும்பாலான இடங்களுக்கு ஒரு பொது குணம் உண்டு: யாராவது பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தால் மர்மம் சுருங்கிவிடும். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் தானாக நகரும் பாறைகள் நல்ல உதாரணம். வறண்ட களிமண் தரையில் நீண்ட தடம் பதித்தபடி கற்கள் இடம் மாறிக் கிடக்கும். அவை நகர்வதை யாரும் பார்த்ததில்லை. காந்தசக்தி, வேற்றுக்கிரகவாசி என்றெல்லாம் பல பத்தாண்டுகள் ஓடின. கற்களில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திக் காத்திருந்தவர்கள் 2013 டிசம்பரில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். மழைநீர் தேங்கி, இரவில் மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்கு உறைகிறது. வெயில் ஏறியதும் அந்தப் பனித்தகடு உடைந்து, லேசான காற்றில் மிதந்துபோய்க் கல்லைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். 2014இல் கட்டுரை வெளியானது, கதை முடிந்தது.

ரூப்குண்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஒவ்வொரு முறை அறிவியல் உள்ளே போனபோதும் பழைய கேள்வி ஒன்று தீர்ந்தது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வெளியே வந்தது. பேயை நம்பாதவர்களுக்கும் இது சுவையான இடம் என்பதற்கு அதுவே காரணம்.

வெளியுலகுக்கு இந்த ஏரி தெரியவந்தது 1942இல். வனத்துறையில் பணியாற்றிய எச்.கே. மத்வால் என்பவர் அந்தப் பக்கம் போனபோது எலும்புகளைப் பார்த்துத் தகவல் சொன்னார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானிடம் விழுந்திருந்தன. ஏப்ரலில் காக்கிநாடா மீதும் விசாகப்பட்டினம் மீதும் குண்டு விழுந்தது. அதே மாதம் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் சென்னையில் பாதி ஊர் காலியானது. அந்த நேரத்தில் இமயமலையில் நூற்றுக்கணக்கான பிணங்கள் என்றால் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு என்ன தோன்றும்? ஜப்பான் படை மலை வழியாக ஊடுருவப் பார்த்துச் செத்திருக்கிறது என்ற பேச்சு கிளம்பியதாகச் சொல்வார்கள். எலும்புகள் அத்தனை புதியவை அல்ல என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

அடுத்த ஊகத்தில் வந்தவர் ஜம்முவின் டோக்ரா தளபதி ஜோராவர் சிங். 1841இல் திபெத் மீது படையெடுத்துப் போய், அந்த டிசம்பரில் அங்கேயே கொல்லப்பட்டவர். தோற்றுத் திரும்பிய அவருடைய வீரர்கள் வழி தவறி இங்கே வந்து உறைந்து போயிருப்பார்கள் என்பது ஊகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எலும்புகளில் கணிசமானவை பெண்களுடையவை.  வளையல், செருப்பு, மூங்கில் குடைச் சட்டங்கள் போன்றவையும் கிடைத்தன. வளையலும் குடையும் எடுத்துக்கொண்டு படை கிளம்பாது.

1950களில் லக்னோவைச் சேர்ந்த மானிடவியலாளர் டி.என். மஜும்தார் போனார், சுவாமி பிரணவானந்தா போனார், இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்துக்கு எலும்புகள் கொண்டுவரப்பட்டன. தொற்றுநோயில் செத்தவர்கள், திபெத்துக்குப் போன வியாபாரிகள், கூட்டுத் தற்கொலை என்று ஊகங்கள் பெருகின. இந்த நீளமான பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு காலமும் தன் மனதில் என்ன ஓடியதோ அதையே ஏரியிலும் பார்த்தது என்பதுதான். போர்க்காலத்தில் படைவீரர்கள் தெரிந்தார்கள். கடைசியில் நம் காலத்துக்கு மரபணு தெரிந்தது.

இதற்கெல்லாம் நடுவே, ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர்களில் யாரும் குழம்பவில்லை. எலும்புகள் அங்கே கிடப்பது அவர்களுக்கு 1942க்கு முன்பே தெரியும். யாருடையவை, ஏன் செத்தார்கள் என்பதும் தெரியும். அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள நந்தாதேவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்வால், குமாவோன் மலைப்பகுதிகளில் நந்தாதேவி பயமுறுத்தும் தெய்வம் மட்டுமல்ல, வீட்டுப் பெண். மலை ஊர்கள் அவளுடைய பிறந்த வீடு. பனிமலைக்கு மேலே சிவன் இருக்கும் கைலாசம் புகுந்த வீடு. பிறந்த வீட்டுக்கு வந்த மகளைத் திரும்பக் கணவன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அங்கே யாத்திரை. பெண்கள் பாடும் பாட்டுகளில் போக மனமில்லாத மகளின் அழுகை இருக்கும், அனுப்ப மனமில்லாத தாயின் சமாதானமும் இருக்கும். ஆண்டுதோறும் சின்ன அளவில் நடப்பது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் பெரிய அளவில் ராஜ் ஜாத் என்று நடக்கும். கணக்கு அப்படியே நடப்பதில்லை. 1987, 2000, 2014 என்று இடைவெளி கொஞ்சம் முன்பின்னாகும். 2014இல் நடந்தது வெள்ளப் பேரழிவால் ஓராண்டு தள்ளிப்போய் நடந்தது.

நௌட்டி என்ற ஊரிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 280 கிலோமீட்டர், மூன்று வாரம் நடை. தேவி பல்லக்கில் போவாள். ஊர் ஊராக வண்ணக் குடைகள் வந்து சேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் முன்னால் நான்கு கொம்பு உள்ள ஆட்டுக்கடா ஒன்று நடக்கும். அதன் முதுகில் மகளுக்கான சீர் கட்டியிருக்கும். வாண் என்ற கடைசி ஊரைத் தாண்டி, புல்வெளிகளைத் தாண்டி, ரூப்குண்டைத் தொட்டு, அதற்கு மேலே ஜுனார்கலி என்ற குறுகிய மலைமுதுகைக் கடந்து, ஹோம்குண்ட் வரை போவார்கள். அங்கே கடாவை அவிழ்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது தனியாக மேலே போகும். அதன்பின் அது தேவியின் பொறுப்பு.

சரி, பாட்டு சொல்லும் கதைக்கு வருவோம். கன்னோஜ் அரசன் ஜஸ்தவல், தேவியின் கோபத்தைத் தணிக்க இந்த யாத்திரைக்கு வருகிறான். வரும்போது நிறைமாதக் கர்ப்பிணியான அரசியையும் நாட்டியக்காரிகளையும் கூடவே அழைத்து வருகிறான். பரிசுத்தமான மலைப்பகுதியில் ஆட்டமும் பாட்டும் நடக்கின்றன. மேலே வந்தபின் அரசிக்குப் பிரசவமாகிறது. தீட்டு பட்டதும் தேவிக்கு ஆத்திரம் வருகிறது. வானத்திலிருந்து இரும்பு போன்ற கல் மழை பெய்யச் செய்கிறாள். கூட்டம் மொத்தமும் ரூப்குண்டில் விழுகிறது.

இந்தக் கதை வழி நெடுக இடப்பெயராகவும் பதிந்திருக்கிறது. நாட்டியக்காரிகள் தண்டிக்கப்பட்ட இடம் பாதர் நாச்சௌனி. பெயருக்குப் பொருளே ஆட்டக்காரிகள் ஆடிய இடம் என்பதுதான். அதற்கு மேலே கருப்புப் பிள்ளையார் இருக்கும் காலு விநாயக். அப்புறம் தேவியின் புலி குடியிருந்த பகுவாபாசா. நடந்து போகிறவர் கதையைப் படித்துக்கொண்டே ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாணுக்கு மேலே பெண்கள் போகக் கூடாது, தோல் பொருள் கூடாது, வாத்தியம் கூடாது என்று பழைய வழக்கம் இருந்தது. அரசனின் குற்றப்பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணும் வாத்தியமும் இரண்டிலும் இருக்கின்றன. கதை நடந்ததால் விதி வந்ததா, விதியைக் காப்பாற்றக் கதை வந்ததா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. எலும்புகள் சாட்சியாகக் கிடக்கும் வரை இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். (இப்போது பெண்களும் மேலே போகிறார்கள். தேவி ஒன்றும் சொல்லவில்லை.)

வாண் ஊரில் லாட்டு தேவதைக்கு ஒரு கோயில் உண்டு. தேவியின் சகோதரன் முறை, வழிக்காவல் அவன் பொறுப்பு. கதவு வருடத்தில் ஒரு முறைதான் திறக்கும். உள்ளே போகும் பூசாரி கண்ணையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போவார். பேய்வேட்டைக் காணொளிக்காரர்கள் ஏரியை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் நல்ல தீனி கிடைத்திருக்கும்.

2004இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் தொலைக்காட்சி ஏற்பாட்டில் ஒரு குழு மேலே ஏறியது. புனே டெக்கான் கல்லூரியின் எலும்பு ஆய்வாளர்களும், நந்தாதேவி யாத்திரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக மானிடவியலாளர் வில்லியம் சாக்ஸும் இதில் இருந்தார்கள். மண்டை ஓடுகள் சிலவற்றில் உச்சியில் வட்டமான குழி விழுந்த முறிவு இருந்தது. ஆறிய தடம் இல்லை; அடிபட்ட உடனேயே உயிர் போயிருக்கிறது. கத்தியோ ஈட்டியோ என்றால் காயம் பல கோணங்களில், நீளவாட்டில் இருக்கும். இது மேலிருந்து நேராக விழுந்த உருண்டையான பொருளின் அடி. அப்படியென்றால் ஆலங்கட்டி. ஆக்ஸ்ஃபோர்டில் செய்த கார்பன் கணிப்பு கி.பி. 850ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அன்றைய முறையில் மரபணுவைப் பார்த்து, எல்லோரும் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது.

ஆலங்கட்டியில் ஒரு கூட்டமே சாகுமா என்ற சந்தேகம் வரும். சாகும். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். ஒரே ஆலங்கட்டி மழையில் அதிகம் பேர் இறந்த நிகழ்வாக உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருப்பது இதைத்தான். அந்த ஊர் ரூப்குண்டிலிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் உள்ளேதான் இருக்கிறது. சமவெளியிலேயே அப்படியென்றால், ஒதுங்க மரமோ கூரையோ இல்லாத 5,000 மீட்டர் உயரத்தில் கேட்க வேண்டுமா?

ஆக, நாட்டுப்பாடல் சொன்ன 'இரும்புக் கல் மழை' உண்மை என்று உலகமே எழுதியது. யாத்திரைக் கூட்டம், திடீர்ப் புயல், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சாவு, ஆயிரம் ஆண்டு நினைவில் வைத்திருந்த பாட்டு. இவ்வளவு கச்சிதமாக ஒரு மர்மம் தீர்வது அபூர்வம். அந்தக் கச்சிதம்தான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். காலக் கணிப்பு செய்யப்பட்டது ஏரியில் கிடந்த நூற்றுக்கணக்கான பேரில் மிகச் சிலருக்கு மட்டும். எல்லோரும் ஒரே நாளில் செத்தார்கள் என்று நாம் முன்பே முடிவு செய்துவிட்டதால், அந்தச் சிலரின் தேதியே எல்லோருடைய தேதியும் ஆகிவிட்டது.

கொல்கத்தாவில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் ரூப்குண்ட் எலும்புகள் இருந்தன. ஹைதராபாத் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக், ஏடின் ஹார்னி உள்ளிட்ட பெரிய குழு எழுபதுக்கும் மேற்பட்ட எலும்பு, பல் மாதிரிகளை எடுத்துக்கொண்டது. 38 பேருக்கு முழு மரபணு அளவிலான தரவு தேறியது. 37 பேருக்குத் தனித்தனியாகக் கார்பன் கணிப்பு செய்தார்கள். 2019 ஆகஸ்டில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முடிவு வந்தது.

38 பேரில் 23 பேர் தெற்காசியர்கள். அவர்களும் ஒரே ஊர், ஒரே சமூகம் அல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் இன்று காணப்படும் பலவகை மரபணுக் கலவை அவர்களுக்குள் இருந்தது. யாத்திரைக்கு வந்த கூட்டம் என்றால் இது பொருந்தும். ஒருவர் தென்கிழக்கு ஆசியர். மீதி 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தவர்கள். இன்று உயிரோடு இருப்பவர்களில் அவர்களுக்கு மிக நெருக்கமானவர்கள் கிரீஸ் நாட்டவர், அதிலும் கிரீட் தீவுக்காரர்கள்.

இன்னும் பெரிய அதிர்ச்சி தேதியில் இருந்தது. தெற்காசியர்கள் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இறந்தவர்கள். அவர்களுக்குள்ளேயே தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரே நாள் சாவு என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. மத்தியதரைக் கடல்காரர்களும் அந்தத் தென்கிழக்கு ஆசியரும் இறந்தது ஏறத்தாழ கி.பி. 1800இல். முதல் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு.

கிரீஸ் என்றதும் நம் ஆட்கள் பலருக்கும் அலெக்சாண்டர் ஞாபகம் வந்துவிடும். அவனுடைய வீரர்களின் வம்சம் மலையில் ஒளிந்து வாழ்கிறது என்ற கதை இமயமலையில் ஏற்கெனவே உலவுவதுதான். ஆனால் கி.மு. 326இல் வந்தவர்களின் சந்ததி என்றால், இரண்டாயிரம் ஆண்டு உள்ளூரில் கலந்து, மரபணுவில் அந்தக் கலப்பு தெரிய வேண்டும். இந்த 14 பேரிடம் அது இல்லை. உணவும் வேறு. எலும்பில் உள்ள கார்பன் வகைகளைப் பார்த்தால் ஒருவர் கடைசிப் பல ஆண்டுகளில் என்ன தானியம் தின்றார் என்று ஓரளவு சொல்லலாம். கம்பு, கேழ்வரகு போன்ற சிறுதானியங்கள் ஒருவகைத் தடம் விடும், கோதுமை, பார்லி, அரிசி வேறுவகை. தெற்காசியர்கள் சிலரிடம் சிறுதானியத் தடம் நன்றாக இருந்தது. இந்த 14 பேரிடம் சிறுதானியம் ஏறக்குறைய இல்லவே இல்லை. வேறு உலகத்தில் உண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அநேகமாக உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த ஏதோ ஒரு பகுதியில் பிறந்து, இவ்வளவு தூரம் வந்து செத்திருக்கிறார்கள்.

வேறு சில வாசல்களையும் ஆய்வு மூடியது. சோதித்தவர்களில் 23 பேர் ஆண்கள், 15 பேர் பெண்கள். படை என்ற ஊகம் முடிந்தது. யாரும் யாருக்கும் நெருங்கிய இரத்த உறவு இல்லை; ஆகவே குடும்பமாக இடம்பெயர்ந்தவர்களும் அல்ல. கொள்ளைநோய்க் கிருமியின் தடமும் கிடைக்கவில்லை. ஆனால் அது கிடைக்காததை மட்டும் வைத்து நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த முடிவைக் கேட்ட எவருக்கும் முதலில் எழும் கேள்வி: எலும்புகள் கிடங்கில் கலந்துபோயிருக்குமோ? ஐம்பது அறுபது ஆண்டுகள் பெட்டிகளில் இருந்தவை. ஏதோ கல்லறைத் தோட்டத்து எலும்புகள் தவறான பெட்டிக்குள் போயிருக்கலாமே? இது சரியான சந்தேகம், ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. 1800ஐ ஒட்டி இறந்த, ஒருவருக்கொருவர் உறவில்லாத பதினான்கு மத்தியதரைக் கடல்காரர்களின் எலும்புகள் ஓர் இந்தியக் கிடங்குக்கு வேறு எங்கிருந்து வந்தன என்று அப்புறம் விளக்க வேண்டியிருக்கும். அது இன்னொரு புதிர். அதைவிட, ஏரியிலிருந்து புதிதாக முறைப்படி மாதிரி எடுத்துப் பார்ப்பது சுலபமான தீர்வு.

அந்தக் காலத்து இந்தியாவில் கிரேக்கர்கள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொல்கத்தாவிலும் டாக்காவிலும் கிரேக்க வியாபாரிகள் குடியேறியிருந்தார்கள். கொல்கத்தாவில் சொந்தமாகத் தேவாலயமே கட்டிக்கொண்டார்கள். அந்த வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 1786இல் ஏதென்ஸைச் சேர்ந்த டிமிட்ரியோஸ் கலானோஸ் என்பவர் வந்தார். சில ஆண்டுகள் கழித்து வேலையை விட்டுவிட்டு காசிக்குப் போய், பண்டிதர்களிடம் சமஸ்கிருதம் கற்று, பகவத் கீதையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். 1833இல் இறக்கும்வரை காசியை விட்டு அவர் போகவில்லை. ஒரு கிரேக்கர் காசி வரை போனார் என்பதால் பதினான்கு பேர் திரிசூல் அடிவாரம் வரை போனார்கள் என்று ஆகிவிடாது. போயிருக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு மட்டும் இது பதில்.

அப்படியே போயிருந்தாலும் ஏன் இந்த வழி? திபெத்துக்குப் போகும் வியாபாரப் பாதை எதுவும் ரூப்குண்ட் வழியாகப் போகவில்லை. இது கோயில் வழி. ஹோம்குண்டுக்கு அப்பால் போக வேலையே இல்லை. இந்து யாத்திரையில் கலந்துகொள்ள அயல்நாட்டவர் வந்தார்களா? வேடிக்கை பார்க்க வந்தார்களா? அந்தக் காலத்தில் குமாவோன் 1790 முதலும் கட்வால் 1804 முதலும் கூர்க்கர் ஆட்சியில் இருந்தன. 1815இல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. ஆட்சி மாறி மாறிக் கலவரமாக இருந்த மலைநாட்டில் தூரதேசத்துக் கூட்டம் ஒன்று ஏறிப்போய்த் திரும்பவில்லை என்றால் எங்கேயாவது பேசப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாவைப் பாட்டில் வைத்திருக்கிற ஊர்கள், இருநூறு ஆண்டுக்கு முந்திய இந்தச் சாவைப் பற்றி ஒன்றும் பாடவில்லை. என்னைப் பொறுத்தவரை ரூப்குண்டின் உண்மையான மர்மம் இந்த மௌனம்தான்.

ஒருவேளை பாட்டு, இரண்டு சாவுகளையும் ஒன்றாக்கிவிட்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது. தூரத்திலிருந்து வந்த கூட்டம், மலையின் நடைமுறை தெரியாதவர்கள், கூடவே பெண்கள் என்று கன்னோஜ் அரசனின் கதையில் வருகிற குணங்கள் எந்த நூற்றாண்டின் அந்நியர்களுக்கும் பொருந்தும். இது ஊகம்தான்; நிரூபிக்க வழியில்லை. ராஜ் ஜாத் பற்றிய எழுத்துச் சான்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரக் கோயில்களில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் இருப்பதால், யாத்திரை அவ்வளவு பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு என்று 2019 ஆய்வுக் குழுவும் சொல்கிறது. ஆக, பழைய 23 பேரைப் பொறுத்தவரை யாத்திரை என்ற விடை இன்னும் நிற்கிறது. ஆலங்கட்டியும் நிற்கிறது, ஆனால் சிலருக்கு மட்டும்.

மற்றவர்கள் எப்படி இறந்திருப்பார்கள் என்பதற்கு அமானுஷ்யம் எதுவும் தேவையில்லை. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஏரிக்கு மேலே ஜுனார்கலி செங்குத்தாக நிற்கிறது. யாத்திரைக் கூட்டம் அந்தக் குறுகிய முதுகில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது பனிப்புயல் பிடித்தால் ஒதுங்க இடம் கிடையாது, திரும்பவும் முடியாது. வழுக்கி விழுந்தால் வந்து சேருமிடம் கீழே உள்ள கிண்ணம்தான். சரிவில் எங்கே செத்தாலும் பனிச்சரிவும் கல்சரிவும் உடலைக் காலப்போக்கில் கீழே இழுத்து வந்துவிடும். நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டு விபத்து நடந்தாலே போதும், ஒரே நாளில் நடந்த படுகொலை போன்ற காட்சி தானாக உருவாகிவிடும்.

எலும்புகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது இன்னொரு சிக்கல். இந்த ஏரியில் முழுமையான அகழாய்வு ஒருபோதும் நடக்கவில்லை. மலையேற்றக்காரர்கள் பல ஆண்டுகளாக மண்டை ஓடுகளை எடுத்துக் கல்மேல் அடுக்கிப் புகைப்படம் எடுத்தார்கள். சிலர் நினைவுப்பொருளாக வீட்டுக்கே கொண்டுபோனார்கள். எந்த எலும்பு எந்த உடலோடு கிடந்தது, எந்தப் பொருள் எவர் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. மூங்கில் குடை யாத்திரைக்காரருடையதா, தோல் செருப்பு எந்தக் கூட்டத்துடையது என்று இப்போது கேட்டால் சொல்ல ஆளில்லை. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. புல்வெளிகளைக் காப்பாற்ற வந்த தீர்ப்பு அது. ஆனால் வழியில் தங்காமல் ரூப்குண்ட் போய்வர முடியாது என்பதால், வணிக மலையேற்றமும் அதோடு நின்றுபோனது. பேக்கேஜ் விற்றவர்களுக்கு நஷ்டம், எலும்புகளுக்கு லாபம்.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஏரியின் அடியில் கிடப்பவற்றை இடம் குறித்து, வரிசை கலையாமல் எடுக்க வேண்டும். இதுவரை சோதித்த 38 பேரும் ஏற்கெனவே யாரோ பொறுக்கி வந்த பெட்டிகளிலிருந்து வந்தவர்கள். அடியில் இருப்பவர்களில் எத்தனை பேர் மத்தியதரைக் கடல்காரர்கள், மூன்றாவது நான்காவது கூட்டம் ஏதும் உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கூடவே 1800ஐ ஒட்டிய கூர்க்கா, கம்பெனி, உதுமானிய ஆவணங்களில் திரும்பி வராத ஒரு பயணக்கூட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று யாராவது உட்கார்ந்து புரட்ட வேண்டும்.